பட்டை ஏற்றிய வண்டியில் டயர் ஏன் கோணலாகத் தேய்கிறது?

"டயர் மாற்றி ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் ஒரு ஓரம் மொட்டையாகிவிட்டது" என்ற பேச்சைச் சொந்த வண்டி வைத்திருக்கும் வியாபாரிகளிடம் அடிக்கடி கேட்கிறோம். கேட்டவர் உடனே எந்தக் கம்பெனி டயர் என்று விசாரிப்பார். அது சரியில்லை, இதை வாங்குங்கள் என்று ஆலோசனையும் சொல்வார். புது டயர் வரும். அதுவும் அதே ஓரத்தில் தேயும். டயரைக் குறை சொல்வதற்கு முன் வண்டியின் பின்பக்கம் குனிந்து, ஸ்பிரிங்கில் எத்தனை பட்டை இருக்கிறது, கம்பெனியிலிருந்து வந்தபோது எத்தனை இருந்தது என்று எண்ணிப் பார்த்தவர் குறைவு. தேய்மானத்தின் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

தென்காசி, இலஞ்சி, செங்கோட்டை, பாவூர்சத்திரம் பக்கத்தில் சிறு சரக்கு வண்டி இல்லாமல் இன்று மளிகை வியாபாரமும் இல்லை, காய்கறி வியாபாரமும் இல்லை. டாடா ஏஸ் 2005-இல் வந்தது. நாம் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்தோம். 2011-இல் அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. மகிந்திரா பொலேரோ பிக்கப் ஊருக்கு ஊர் ஓடுகிறது. இவை வந்தபிறகு லாரி பார்சலுக்குக் காத்திருக்கும் வேலை குறைந்தது. காலையில் சரக்கு ஏற்றினால் புளியரை ஏறி, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூரில் இறக்கிவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். வசதி வந்ததும் ஆசையும் கூடிற்று. முதலில் வந்த ஏஸ் வண்டிக்கு அனுமதித்த சரக்கு எடை 750 கிலோ. நம் கணக்கில் சொன்னால் 50 கிலோ சீனி மூட்டை 15. அதில் 20, 25 மூட்டை ஏற்றுவதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. எடை தாங்காமல் ஸ்பிரிங் படுத்துவிடும். பள்ளத்தில் இறங்கினால் 'டம்' என்று அடிக்கும். வொர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டால் பக்கத்துக்கு ஒரு பட்டையோ இரண்டு பட்டையோ சேர்த்துக் கட்டிக் கொடுப்பார்கள். வண்டியின் பின்பக்கம் இரண்டு மூன்று அங்குலம் உயர்ந்து, பார்க்க மிடுக்காக நிற்கும். இதைத்தான் பட்டை ஏற்றுவது என்கிறோம்.

அமெரிக்காவில் பிக்கப் வண்டிகளை அழகுக்காகவும் காட்டு வழியில் ஓட்டுவதற்காகவும் உயர்த்திக்கொள்கிறார்கள். அங்கே அதற்கென்றே தனிச் சாமான்கள் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். அவர்கள் உயர்த்துவது பொழுதுபோக்குக்கு, நாம் உயர்த்துவது மூட்டைக்கு. ஆனால் உயர்த்தியவுடன் டயர் கோணலாகத் தேய்கிறது என்ற புகார் இரண்டு இடத்திலும் ஒன்றேதான்.

பட்டை எதைத் தாங்கும், எதைத் தாங்காது?

ஒரு பட்டை கூடினால் ஸ்பிரிங்கின் விறைப்பு கூடுகிறது. அவ்வளவுதான். ஆக்சில், பேரிங், பிரேக், டயர், ரிம் எதுவும் அதனால் பலப்படுவதில்லை. முன்பு ஸ்பிரிங் படுத்து "போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது அது சொல்வதை நிறுத்திவிட்டது. எடை மட்டும் அப்படியே டயருக்குப் போகிறது.

டயர் எவ்வளவு தாங்கும் என்பது அதன் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கிறது. அளவுக்குப் பக்கத்தில் 86/84 என்பதுபோல் இரண்டு எண் இருக்கும். அது கிலோ அல்ல, குறியீடு. 84 என்றால் 500 கிலோ, 86 என்றால் 530, 90 என்றால் 600, 100 என்றால் 800. சரிவுக் கோட்டுக்கு முன்னுள்ள எண் ஒற்றை டயராக ஓடும்போது; பின்னுள்ள எண் லாரி மாதிரி இரட்டை டயராக ஓடும்போது. அதுவும் டயரில் குறித்திருக்கும் காற்று முழுமையாக இருந்தால்தான். 86 குறியீடுள்ள இரண்டு பின் டயர்கள் சேர்ந்து 1,060 கிலோ தாங்கும். இந்தக் கணக்கில் சரக்கு மட்டுமில்லை, வண்டியின் சொந்த எடையில் பின்னால் விழும் பங்கும் அடங்கும். 25 மூட்டை ஏற்றினால் சரக்கே 1,250 கிலோ ஆகிவிடுகிறது. அதில் பெரும்பங்கு பின் ஆக்சிலில்தான் விழுகிறது. மீதியைக் கூட்டிக் கழிக்க நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம். நம் வண்டி போகும்போது நிறைய லோடு, வரும்போது காலி. விறைப்பான பட்டை காலி வண்டியில் வளையவே வளையாது. வேகத்தடையிலும் பள்ளத்திலும் பின்பக்கம் துள்ளும். காலி எண்ணெய் டின்கள் பின்னால் தாளம் போடுவதைக் கேட்டாலே தெரியும். துள்ளும்போது டயர் தரையைவிட்டு எழும்பி, விழும்போது தேய்த்துக்கொண்டு விழுகிறது. பட்டை ஏற்றிய வண்டியின் டயருக்கு லோடோடு போகும்போது ஒரு சேதம், காலியாக வரும்போது வேறொரு சேதம்.

டயரைப் படிப்பது எப்படி?

டயரின் அகலத்தில் வெளி ஓரம், நடு, உள் ஓரம் என்று மூன்று இடம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆழம் அளக்கும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. அதிக விலை இல்லை. அது இல்லாவிட்டால் தீக்குச்சியின் மருந்தில்லாத முனையைப் பள்ளத்தில் நிறுத்தி, நகத்தால் அடையாளம் வைத்து, ஸ்கேலில் மில்லிமீட்டர் பார்க்கலாம். நான்கு டயருக்கும் மூன்று மூன்று அளவு, ஸ்டெப்னி தனி. கணக்கு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, தேதியும் கிலோமீட்டரும் போட்டு மாதம் ஒரு முறை எழுதி வைத்தால், மூன்றாம் மாதம் டயர் எந்தப் பக்கம் போகிறது என்பது பேரேட்டில் பாக்கி தெரிவதுபோலத் தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருந்தால் பாதி டயர் போயிருக்கும். பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் சட்டப்படியே அந்த டயரை ஓட்டக்கூடாது. பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். பட்டன் அந்த மேட்டு மட்டத்துக்கு வந்துவிட்டால் அளவே எடுக்க வேண்டாம், மாற்ற வேண்டியதுதான்.

இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மட்டும் நின்றால் காற்றுக் குறைவு என்பார்கள். நம் வண்டிகளில் இதைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். காற்று அளவு சரியாகவே இருக்கும், ஆனால் அந்தக் காற்று தாங்குகிற எடையைவிட லோடு அதிகம். இரண்டும் டயருக்கு ஒன்றுதான். நடு தேய்ந்து ஓரங்கள் நின்றால், லோடுக்கு வைத்த காற்றோடு வண்டி அதிகமும் காலியாக ஓடியிருக்கிறது. போகும்போது அதிக லோடும் வரும்போது காலியுமாக ஓடுகிற வண்டியில் இந்த இரண்டும் ஒன்றையொன்று மறைத்துவிடுவதும் உண்டு. டயர் சமமாகத் தேய்ந்ததுபோலத் தோன்றும், ஆனால் சீக்கிரம் தேய்ந்திருக்கும். அதனால்தான் ஆழத்தோடு கிலோமீட்டரையும் எழுதச் சொன்னேன்.

முன் டயரில் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் உள்ளங்கையைப் பட்டன்மேல் வைத்துக் குறுக்காகத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல் மாதிரி உறுத்தலாகவும் இருந்தால் சக்கரங்கள் நேர்ப்பார்வையில் இல்லை என்று பொருள். உள்ளிருந்து வெளியே தடவும்போது உறுத்தினால் இரண்டு சக்கரமும் முன்னால் உள்நோக்கித் திரும்பியிருக்கின்றன; வெளியிலிருந்து உள்ளே தடவும்போது உறுத்தினால் வெளிநோக்கித் திரும்பியிருக்கின்றன. அலைன்மெண்ட் கடைக்காரர்கள் இவற்றை 'டோ இன்', 'டோ அவுட்' என்பார்கள்.

இந்தச் சிறு கோணல் எவ்வளவு தின்னும் என்பதற்கு ஒரு கணக்கு. ஏஸ் வண்டியின் 12 அங்குல ரிம்மில் ஏறும் டயருக்குக் குறுக்களவு சுமார் 54 சென்டிமீட்டர். ஒரு சக்கரத்தின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் 3 மில்லிமீட்டர் மட்டும் கோணல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஒரு கிலோமீட்டர் நேராகப் போவதற்குள் அந்தச் சக்கரம் ஐந்தரை மீட்டர் பக்கவாட்டில் போகப் பார்க்கிறது. போக முடியாமல் தேய்கிறது. 10,000 கிலோமீட்டரில் அது 55 கிலோமீட்டர். இலஞ்சியிலிருந்து திருநெல்வேலிப் பாதையில் பெரும்பகுதி தூரத்துக்கு டயரைக் குறுக்கே போட்டு இழுத்துச் சென்றதுபோல.

இதை வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். சமதளத்தில் வண்டியை நேராக நிறுத்தி, இரண்டு முன் டயரின் முன்பக்கம், அச்சு உயரத்தில், நடுவில் சாக்பீஸால் கோடு போட்டு, இருவர் டேப் பிடித்து இடையளவை எடுக்க வேண்டும். பிறகு சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றும்படி வண்டியை முன்னே தள்ளி, அதே கோடுகள் பின்பக்கம் அச்சு உயரத்துக்கு வந்ததும் மறுபடி அளக்க வேண்டும். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் டோ. வண்டிப் புத்தகத்தில் சொன்ன அளவோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் அலைன்மெண்டுக்குக் கொண்டுபோகலாம்.

இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் வீணாகப் பணம் செலவழிக்கிறார்கள். முன்பக்கமும் பட்டை ஸ்பிரிங் உள்ள ஏஸ், தோஸ்த் போன்ற வண்டிகளில் முன் ஆக்சில் ஒரே துண்டு. பட்டை ஏற்றியதால் மட்டும் அதில் டோவும் மாறாது, சக்கரத்தின் சாய்வும் மாறாது. ஆனால் விறைப்பான பட்டை கொடுக்கும் அடியில் டை ராட் எண்ட், கிங் பின், அதன் புஷ், வீல் பேரிங் எல்லாம் சீக்கிரம் ஆட்டம் காண்கின்றன. ஆட்டத்தைச் சரிசெய்யாமல் அலைன்மெண்ட் மட்டும் பார்த்தால், மிஷின் காட்டும் எண் கடையை விட்டு வெளியே வரும்வரைக்குத்தான். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் பிடித்தும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் முதலில் சாமானை மாற்றச் சொல்லுங்கள், பிறகு அலைன்மெண்ட்.

இசுசு டி-மேக்ஸ் மாதிரி முன் சக்கரங்கள் தனித்தனியே ஆடும் அமைப்புள்ள வண்டிகளில் கதை வேறு. அதில் முன்பக்கத்தை உயர்த்தினால் சக்கரத்தின் சாய்வும் டோவும் சேர்ந்தே மாறும். பெரும்பாலும் உயர்த்தினால் சக்கரத்தின் மேல்பாகம் வெளியே சாய்ந்து வெளி ஓரம் தேயும்; ஸ்பிரிங் தளர்ந்து படுத்தால் உள்ளே சாய்ந்து உள் ஓரம் தேயும். அந்த வண்டியை உயர்த்தியவர் அன்றே அலைன்மெண்ட் பார்த்தாக வேண்டும்.

பின்பக்கம் மட்டும் உயர்த்திய வண்டியில் வேறொன்று நடக்கிறது. காலியாக இருக்கும்போது வண்டி மூக்கைத் தாழ்த்தி நிற்கிறது. முன்சக்கரம் தானே நேராகத் திரும்பிக்கொள்ளும் குணம், அதாவது 'காஸ்டர்', குறைந்துபோகிறது. ஸ்டீயரிங் லேசாகிவிட்டது என்று டிரைவர் சந்தோஷப்படுவார். உண்மையில் வண்டி ரோட்டில் அலைகிறது. அதைப் பிடித்துப் பிடித்து ஓட்டுவதில் முன் டயர் தேய்கிறது.

பின் டயர் சொல்லும் சேதி

பின் டயரில் அங்கங்கே குழி விழுந்தாற்போல், கரண்டியால் தோண்டியதுபோலத் தேய்ந்திருந்தால் அது துள்ளலின் அடையாளம். ஷாக் அப்சார்பர் செத்திருக்கலாம், பேலன்ஸ் போயிருக்கலாம். பட்டை ஏற்றிய வண்டியில் இரண்டும் சரியாக இருந்தும் குழி விழுவதுண்டு. உயரம் கூடியதால் பழைய ஷாக் அப்சார்பர் எந்நேரமும் நீண்டே கிடக்கும், துள்ளலைப் பிடிக்க அதற்கு இடம் இராது.

பட்டன் சாய்கோட்டில், ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு வரிவரியாகத் தேய்ந்திருந்தால் கவனமாக இருக்க வேண்டும். பட்டைகளை ஒன்றாகக் கோத்திருக்கும் சென்டர் போல்ட் உடைந்தோ, யூ போல்ட் தளர்ந்தோ பின் ஆக்சில் ஒரு பக்கம் பின்வாங்கியிருக்கலாம். வண்டி நண்டு மாதிரி ஒருக்களித்து ஓடும். பின்னால் பைக்கில் வருபவர் சொல்லுவார், ஓட்டுபவருக்குத் தெரியாது. சோதனை எளிது: முன்சக்கரத்தை நேராக வைத்து, முன் அச்சு நடுவிலிருந்து பின் அச்சு நடுவரை இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் கண்ணில் படும்படி இருந்தால் அன்று லோடு ஏற்ற வேண்டாம். பட்டை கூட்டியபின் பழைய யூ போல்டையே இழுத்துப் பிடித்துக் கட்டுகிற வழக்கம் சில வொர்க்‌ஷாப்களில் உண்டு. கட்டு உயரம் கூடிவிட்டதால் மரை போதாமல் நட்டு நுனியில் நிற்கும். எனக்குத் தெரிந்த அரிசி வியாபாரி ஒருவரின் வண்டியில் அப்படிக் கட்டிய இரண்டாம் மாதமே பின் ஆக்சில் நகர்ந்துவிட்டது. நல்லவேளை, செங்கோட்டைச் சந்தியில் நகர்ந்தது. புளியரை எஸ் வளைவில் நகரவில்லை.

காற்றும் அடுக்கும் முறையும்

பெட்ரோல் பங்க்கில் காற்றுப் பிடிக்கும் பையன் "எவ்வளவு வைக்கணும் அண்ணாச்சி?" என்று கேட்பான். "எப்பவும் வைக்கிறதை வை" என்போம். அவன் எப்போதும் எல்லா வண்டிக்கும் வைப்பதை வைப்பான். வண்டியோடு வந்த புத்தகத்திலோ கதவுத் தூணில் ஒட்டிய காகிதத்திலோ முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு பவுண்டு என்று தனித்தனியே இருக்கும். அதைப் பெயின்டால் மட்கார்டுக்கு மேல் எழுதி வைத்துவிட்டால் யார் பிடித்தாலும் தவறாது. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். புனலூரிலிருந்து மலை ஏறி வந்த சூட்டில் அளவு கூடிக் காட்டும். "ஏறிப்போச்சு" என்று அப்போது இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைந்து நிற்கும். லோடு நாளில் குறைந்த காற்றுதான் ஆபத்து. ஆகவே போகும்போது லோடு, வரும்போது காலி என்றால் லோடுக்கான அளவையே வைத்துக்கொள்ள வேண்டும். வண்டி வாரக்கணக்கில் காலியாகவோ அரை லோடாகவோ ஓடுவதாக இருந்தால் மட்டும் புத்தகத்தில் அதற்குச் சொன்ன அளவுக்கு இறக்கலாம்.

வைத்த காற்று லோடுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. டயரின் குறுக்கே பட்டனில் சாக்பீஸால் பட்டையாகப் பூசி, வழக்கமான லோடோடு சிமெண்ட் தளத்தில் ஐம்பது அடி நேராக ஓட்டி நிறுத்துங்கள். சாக்பீஸ் அகலம் முழுவதும் ஒரே மாதிரி அழிந்திருந்தால் சரி. ஓரங்களில் மட்டும் அழிந்திருந்தால் காற்று போதவில்லை அல்லது லோடு மிதமிஞ்சிவிட்டது. காற்று டயரில் குறித்த உச்ச அளவில் இருந்தும் ஓரமே அழிந்தால் மேற்கொண்டு காற்று ஏற்றக்கூடாது. மூட்டையை இறக்க வேண்டும்.

மூட்டை அடுக்குவதிலும் டயர் இருக்கிறது. ஏற்றும்போது கடைசியில் இறக்குவதை முதலில் வைக்கிறோம். கடை வரிசைதான் நமக்கு முக்கியம். அதில் சீனி, அரிசி எல்லாம் பின் கதவோரம் வந்துவிட்டால், பின் அச்சுக்குப் பின்னால் விழும் எடை முன்பக்கத்தைத் தூக்குகிறது. மலைப் பாதையில் ஏறும்போது ஸ்டீயரிங் பிடிக்காது. கனமான மூட்டையைக் கேபினை ஒட்டித் தரையோடும், வற்றல், அப்பளம், பிஸ்கட் பெட்டி போன்ற லேசான சரக்கைப் பின்னாலும் வைப்பதே முறை. இறக்கும்போது ஒரு பக்கத்து வரிசையை முழுக்க இறக்கிவிட்டு மறுபக்கம் நிறைந்தபடியே நாலு கடை ஓட்டுவதும் தினமும் நடக்கிறது. தொடர்ந்து அப்படி ஓடினால் அந்தப் பக்கத்துப் பட்டை தளர்ந்து வண்டி சாய்ந்தே நிற்கும். டயரும் அந்தப் பக்கமே சீக்கிரம் போகும். டயரை இடம் மாற்றிப் போடுவதைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. 8,000 அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. ஆனால் காரணத்தைச் சரிசெய்யாமல் மாற்றினால் ஒரு டயர் கெடுவதற்குப் பதில் நாலும் கெடும்.

டயரைவிடப் பெரிய விஷயம்

சில சரக்கு வண்டிகளில் பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு கம்பி போய் பிரேக் வால்வில் சேரும். ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் இடையே உள்ள உயரத்தை வைத்து லோடு எவ்வளவு என்று அது கணித்துக்கொள்கிறது. வண்டி படுத்திருந்தால் லோடு இருக்கிறது என்று பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். உயர்ந்து நின்றால் காலி என்று குறைத்துவிடும். பட்டை ஏற்றிய வண்டி நிறைந்த லோடிலும் உயர்ந்தே நிற்கிறது. அந்த வால்வுக்கு வண்டி காலி! பின் பிரேக் பாதிதான் பிடிக்கும், பாரம் முழுவதும் முன் பிரேக்கில் விழும். ஆரியங்காவிலிருந்து தென்மலைக்கு இறங்கும் பாதையிலும், திரும்பும்போது புளியரைக்கு இறங்கும் வளைவுகளிலும், குற்றாலச் சாரல் மாதங்களில் நனைந்த ரோட்டில், எதிரே டாரஸ் லாரிகள் வரிசையாக வரும்போது இதன் பொருள் என்ன என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. நடுப் பட்டன் தேய்ந்த டயரும் இதோடு சேர்ந்தால், பள்ளங்கள் தண்ணீரை வெளியே தள்ளாமல் டயர் தண்ணீர்மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். உங்கள் வண்டியில் அந்த வால்வு இருக்கிறதா என்று கம்பெனி சர்வீஸில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றி அமைப்பதைத் தடுக்கிறது. 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, 194-ஆவது பிரிவில் அதிக லோடுக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. அதோடு மிகுதிச் சரக்கை இறக்கும் செலவும் நம் தலையில்தான். விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்கும்போது ஏற்றிய பட்டை ஒரு தகராறாக வந்து நிற்கும்.

இனி வியாபாரக் கணக்கு. ஒரு டயர் 5,000 ரூபாய், நான்கு டயர் 20,000 என்று வைத்துக்கொள்வோம். சமமாகத் தேய்ந்து 40,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 50 பைசா. கோணலாகத் தேய்ந்து 16,000-த்தில் போய்விட்டால் ஒன்றேகால் ரூபாய். மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இந்த முக்கால் ரூபாய் வித்தியாசம் 2,250 ரூபாய். இது டயர் மட்டும். டை ராட், கிங் பின், பேரிங், பிரேக் ஷூ, உயரம் கூடியதால் கோணம் மாறிய புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ், அதிகம் குடிக்கும் டீசல் எல்லாம் தனி. பத்து மூட்டை கூடுதலாகப் போட்டதால் மிச்சமான நடைக்கூலியைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். சிலருக்கு அப்போதும் லாபம் என்றே வரலாம். வண்டி ஓடும் தூரத்தையும் சரக்கையும் பொறுத்தது அது. என் அபிப்பிராயத்தில், வாரம் மூன்று நாளுக்குமேல் கூடுதல் லோடு தேவைப்படுகிறவருக்கு இரண்டாவது நடையோ பெரிய வண்டியோதான் சரி. பட்டை அதற்கு மாற்று ஆகாது. ஓணத்துக்கு முந்தின பத்து நாள் மட்டும்தான் நெருக்கடி என்றால், அந்தப் பத்து நாளுக்கு வாடகை வண்டி வைத்துக்கொள்வது, வருஷம் முழுவதும் பட்டையைச் சுமப்பதைவிட மலிவு.

ஏற்கெனவே பட்டை ஏற்றிவிட்டவர்கள் கழற்றிக் கம்பெனி அமைப்புக்குக் கொண்டுவருவதே நல்லது. ஸ்பிரிங் நிஜமாகவே தளர்ந்துபோயிருந்தால், பழைய கட்டில் ஒரு பட்டையைச் சேர்க்காமல் அதே எண்ணிக்கையில் புதுக் கட்டாக, இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் வண்டி சாயும். லோடு வந்தபிறகு மட்டும் தொடும் ஹெல்ப்பர் பட்டை உங்கள் மாடலுக்குக் கம்பெனியிலேயே உண்டா என்று கேட்கலாம். அது காலி வண்டியைத் துள்ளவிடாது, ஆனால் அனுமதித்த எடையை அது ஒரு கிலோகூடக் கூட்டாது. கழற்றும்போது சென்டர் போல்ட், யூ போல்ட் நான்கும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். நீட்டிய பழைய போல்டைத் திரும்ப இழுக்கக்கூடாது. ஷாக் அப்சார்பரையும் பிரேக் வால்வுக் கம்பியையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். முதல் லோடு அடித்து வந்தபிறகு ஒரு முறையும், 500 கிலோமீட்டர் ஓடியபிறகு ஒரு முறையும் யூ போல்டு நட்டுகளை முறுக்கிப் பார்க்க வேண்டும். பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து உட்காரும்போது அவை தளரும்.